பனைக்கும் படகுக்கும் ஒரே உயரம்

முதலில் கெடுதல் செய்தது ஞானாதிக்கம் சாமிதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் செய்தார்கள், மைத்துனன்மார் செய்தார்கள், ஊர்க்காரர்கள் செய்தார்கள், ஆனால் முதல் ஆள் அவர்தான் என்பதில் கித்தேரியானுக்கு இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆயர் இல்லத்து வராந்தாவில் சுவரை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில், வேட்டி நுனியை முட்டிக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடிகாரத்தில் பதினொன்றாகப் போகிறது. கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்த கன்னியாஸ்திரி இரண்டு தடவை தலையைத் தூக்கி, "இருங்க பெரியவரே, சாமி போன்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். இருக்கட்டும். முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு ஒரு மணி நேரம் என்ன. அன்றைக்கு ஆயருக்குச் செயலராக இருந்த மனுஷன் இன்றைக்குக் குருகுல முதல்வர், ஆயருக்கு அடுத்த நாற்காலி. அவரே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிப்பித்துறைப் பங்குச் சாமியார் கையைப் பிடித்துச் சொன்னார், "தாத்தா, பெரியவரு உங்களப் பாக்கணுமாம். பழைய கேடய விஷயம்னு சொன்னாரு." பழைய கேடய விஷயம் என்றால் வேறு என்ன இருக்க முடியும். மூன்றே மூன்று வார்த்தை. அளவு நான் கொடுத்தது. அதை அந்த வாய் சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னாலும் போதும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தார். ஆயர் இல்லத்து வாசலில் இறங்கியதும் போதாது என்று தோன்றியது. மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லை, தனியாகச் சொன்னாலும் சரிதான். மனைவி மதலேனம்மாள் கல்லறைக்கு முன்னால் வந்து சொன்னால் இன்னும் நல்லது. அதற்கு அவர் வரமாட்டார். கால் சுகமில்லையாம்.

எதிர்ச் சுவரில் கேடயங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு ஆயர் பட்டமேற்கும்போதும் அவருக்கென்று ஒரு கேடயம் எழுதுவார்கள், மேலே தொப்பி, பக்கத்துக்கு ஆறாகக் குஞ்சம், கீழே ஒரு வாக்கியம், நடுவே அவருடைய சின்னங்கள். அவர் காலம் முடிந்ததும் அது இந்தச் சுவருக்கு வந்துவிடும். இங்கே பெயின்ட் அடிக்க வந்தபோது கித்தேரியானுக்கு வயது இருபத்திரண்டு. நாலாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டவர். ஈஸ்டருக்கு முன்னால் வருஷா வருஷம் ஆறு கேடயத்தையும் இறக்கித் தூசி தட்டி, உரிந்த இடத்தில் வர்ணம் தொட்டு மாட்டுவார். எவரும் பக்கத்தில் நின்று இதுதான் சட்டம் என்று சொன்னதில்லை. தொட்டுத் தொட்டுக் கைக்கே தெரிந்தது. நடுவில் நிற்பதுதான் ராசா. பக்கத்தில் நிற்பவை அதைச் சேவிக்க வந்தவை, பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் நடு என்று ஒன்று இல்லாமல் மூன்று பேர் பஸ்ஸுக்கு நிற்பது போல ஆகிவிடும். பறவையோ மீனோ, முகம் உள்ளது எதுவானாலும் நடுவைப் பார்த்துத்தான் நிற்கும். ஆறு கேடயத்திலும் நடுவுக்கு முதுகைக் காட்டுகிற ஒரு புறாவைக்கூட அவர் பார்க்கவில்லை. மஞ்சள் மேல் வெள்ளை வைத்தால் செத்துப்போகும், நீலத்தின் மேல் வைத்தால் எழுந்து நிற்கும். ஓரத்தையும் தொடக் கூடாது, நடுவையும் தொடக் கூடாது, சுற்றிலும் ஒரு கை மூச்சு விட இடம் வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், வலப்பக்கமும் இடப்பக்கமும் கண்ணுக்கு ஒரே கனமாக இருக்க வேண்டும். அளவுக்கோலுக்கு இல்லை, கண்ணுக்கு. மூன்றாவது கேடயத்தில் ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் பூசணி மாதிரி ஒரு மணி. சாவி மணியைவிட இரண்டு மடங்கு நீளம். எட்ட நின்று பார்த்தால் தராசு அசையாது. யாரோ பெயர் தெரியாத ஒருத்தன், செத்து எழுபது வருஷம் ஆகியிருப்பான், அவனுக்குத் தெரிந்திருந்தது. செமினரியில் பன்னிரண்டு வருஷம் லத்தீன் படித்த ஞானாதிக்கம் சாமிக்குத் தெரியவில்லை.

ஏழாவது கேடயத்தை அவர் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தார். கண் அங்கேதான் போனது. அது அவர் எழுதியது இல்லை. அவர் எழுதியதை உடைத்து அடுப்பில் வைத்த பிறகு வேறொருத்தன் எழுதியது. நீலத்தில் நடுவே மஞ்சள் சிலுவை. வலப்பக்கம் படகு, அது கடற்கரை ஊர்களுக்கு. இடப்பக்கம் பனை, அது உள்நாட்டு ஊர்களுக்கு. மறைமாவட்டம் என்பதே அந்த இரண்டும்தான், இரண்டுக்கும் ஆகாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவிழாவில் யார் கொடி முன்னால் போவது என்று இன்னும் போலீஸ் வருகிறது. அதனால்தான் அந்த ஆயர் இரண்டையும் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டார். கித்தேரியான் முதலில் போட்ட கோட்டில் பனை ஒரு சாண் நாலு விரல், படகு முக்கால் சாண். பனை ஒல்லி, ஆகையால் உயரம். படகு அகலம், ஆகையால் குட்டை. எட்டிப் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், கனம் சரியாக இருந்தது. அப்போது வந்தார் ஞானாதிக்கம் சாமி. நாற்பத்துமூன்று வயது, அங்கியில் கஞ்சி மொடமொடப்பு. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளந்தார். "என்ன கித்தேரி, மரம் படகுக்கு மேல அஞ்சு அங்குலம் நிக்குது? கடற்கரைக்காரன் சும்மா இருப்பானா? ரெண்டும் ஒரே உசரம் ஆக்கு. நாளைக்கு ஒருத்தனும் வாயத் திறக்கப்படாது." "சாமி, உசரம் ஒண்ணானா கனம் ஒண்ணாகாது. படகு பெருத்துரும்." "கணக்கு எனக்குத் தெரியும். நீ எத்தனாப்பு படிச்ச?" நாலு என்று சொன்னார். ஏன் சொன்னார்? அதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நாலு என்ற சொல்லோடு வாதம் முடிந்துபோனது. படகைப் பனை உயரத்துக்கு இழுத்தார். உயரம் கூடினால் அகலமும் கூடத்தானே வேண்டும், இல்லாவிட்டால் படகு நிமிர்த்தி வைத்த தொட்டில் மாதிரி ஆகிவிடும். மூக்கு சிலுவைக்கு அரை விரல் கிட்டே வந்து நின்றது. பனை அந்தப் பக்கம் குச்சி நட்டது போல நின்றது. சாமி மறுபடியும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "இப்பம் சரி" என்றார். அந்த இப்பம் சரி இன்னும் காதில் இருக்கிறது, அதே கனத்தில், அதே ஈரமான சிரிப்போடு.

"அண்ணாச்சி, அந்தப் பச்சக் குஞ்சத்துக்குக் கீழ இருக்கது என்ன செடி?" பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் கேட்டான். நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள். பெயர் வியாகுலம், கருக்கன்விளை, மகள் கல்யாணத்துக்கு ஆயர் கையெழுத்து வேண்டும் என்று உட்கார்ந்த உடனேயே சொல்லியிருந்தான். கருக்கன்விளை. உள்நாடு. மதலேனம்மாள் பிறந்த ஊர். கித்தேரியான் தன் கடற்கரை ஊரைச் சொல்லவில்லை. "செடி இல்ல, பனை" என்றார். "பனையா! முட்டக்கோசு மாதிரில்லா இருக்கு." சிரித்தான். கித்தேரியானுக்கும் வாய் கோணியது. உடைத்த பிறகு வந்தவன் உயரத்தையும் அளந்து அகலத்தையும் அளந்து எழுதினான், அதனால் பனை உருண்டுவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை, இரண்டும் ஒரே மாதிரி அசிங்கமாக இருந்ததால். "இதுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சாம் அண்ணாச்சி. எங்கப்பா சொல்லுவாரு. எவனோ ஒரு பெயின்டரு, கடற்கரையான், வேணும்னே படகப் பெருசாவும் பனையச் சின்னதாவும் போட்டுட்டானாம். பட்டமேற்பு அன்னைக்கே எங்க ஆளுக பூமாலை நூல அறுத்து அளந்துருக்காவ. ஒரு படகு, மூணு பனை அகலம்! பூசையில நன்மை அப்பம் வாங்காம எந்திரிச்சு வந்துட்டாவளாம்." "அப்படியா." "குசும்பு புடிச்ச ஆளு. இப்பம் செத்துருப்பான்." "இல்ல" என்றார் கித்தேரியான், "இருக்கான்." "ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" "பாத்துருக்கேன்." சொல்லிவிடலாம். நான்தான் தம்பி அது, உயரத்தை அளந்து கொடுத்தது உள்ளே போனில் பேசிக்கொண்டிருக்கிற பெரியவர் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவன் என்ன செய்வான், கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். ஊருக்குப் போய், அந்த ஆளப் பாத்தேன், இன்னும் பொய்தான் சொல்லுதான் என்பான். தன் வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. முதல் வருஷம் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கல்யாண வீட்டில் எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரி ஆனது. எவனும் தன் குற்றத்துக்கு அப்படித்தான் சொல்லுவான். அது அந்த இன்னொரு வாயிலிருந்துதான் வர வேண்டும், வேறு வழி கிடையாது.

பட்டமேற்பு அன்றைக்குக் கோயில் படிக்கட்டில் நின்று மைக்கை வாங்கி ஞானாதிக்கம் சாமி பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. வெயில், ஆயிரம் தலை, முன்வரிசையில் மைத்துனன்மார் மூன்று பேர். "வரைஞ்சவர் கடற்கரையைச் சேர்ந்தவர். தன் ஊர்ப் பாசத்துல கொஞ்சம் கைய நீட்டிட்டார். படிப்பில்லாதவர். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்." கூட்டம் அடங்கிவிட்டது. ஒரு சண்டையை ஒரு ஆளை வைத்து அடைத்துவிட்டார், ஓட்டைக்குத் துணி வைத்து அடைப்பது போல. அந்த ஆள் மூங்கில் கம்பத்துக்குப் பின்னால் கையில் துடைக்காத வர்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான். ஏன் அப்போதே முன்னால் போய் மைக்கைப் பிடுங்கவில்லை? மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஸ்விட்ச் கீழேயா மேலேயா. அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதே பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து மதலேனம்மாளின் அம்மா செத்துப்போனாள். இவர் போகவில்லை, அவள் மட்டும் போனாள், கையில் ஒரு கோடிச் சேலை. கருக்கன்விளைத் தெருமுனையில் அண்ணன்காரன் மறித்தானாம். "படகுல போனவளுக்குப் பனை நிழல்ல என்ன சோலி?" என்று கேட்டானாம். வெயிலில் நின்று, தூரத்திலிருந்து பெட்டி போவதைப் பார்த்துவிட்டு, சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அழவில்லை. சமைத்தாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "நீங்க வேணும்னே செஞ்சீயளா?" "இல்லட்டீ. சாமி அளந்து குடுத்தாரு." "சரி" என்றாள். அந்தச் சரி. அதை எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பார். நம்பிவிட்ட சரியா, இனி பேசி என்ன என்கிற சரியா. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தாள், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, கேட்டுவிடலாமா என்று வாயருகே குனிந்தார். தண்ணி வேணுமா என்றுதான் கேட்க முடிந்தது.

இன்னொன்று இருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. படகைப் பெரிதாக்கி முடித்த பிறகு, சாமி போன பிறகு, வெயில் தாழ்ந்துகொண்டிருந்தபோது, மெல்லிய பிரஷ்ஷை எடுத்துப் படகுக்கு அடியில் வெள்ளையாய் ஒரு கோடு இழுத்தார். அலை. ஒரே இழுப்பு. யாரும் கேட்கவில்லை. ஏன் இழுத்தார்? அடி மொட்டையாக இருந்தது, அதனால். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அந்தக் கோடு விழுந்ததும் படகு மிதந்தது. சிப்பித்துறைக் கரையில் அப்பாவின் வள்ளம் முதல் அலையில் ஏறுவது போல மிதந்தது, அப்போது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. பனைக்குக் கீழே அப்படி ஒரு கோடு, ஒரு மண் மேடு, போட்டிருக்கலாம். தோன்றவில்லை. தோன்றவில்லையா, போடவில்லையா? ஒரு நூல் கனத்துக் கோடு. அதற்காக ஆயிரம் பேர் எழுந்து போவார்களா? போகமாட்டார்கள். ஐந்து அங்குலம் கூட்டியது அவர். கோடு என்னுடையது, அங்குலம் அவருடையது. கோட்டுக்கான தண்டனையை நான் அனுபவித்துவிட்டேன், அங்குலத்துக்கு அவர் என்ன அனுபவித்தார்? பட்டு இடைக்கச்சை. ஏசி அறை. இதில் எங்கே தராசு. "பெரியவரே, சாமி கூப்பிடுதாங்க" என்றார் கன்னியாஸ்திரி. எழுந்தபோது முட்டி சொடக்கியது. வியாகுலம் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். கருக்கன்விளைக்காரன் கை, சூடாக இருந்தது, நல்லவனாகத்தான் இருப்பான்.

உள்ளே குளிர். ஞானாதிக்கம் சாமி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். முகம் ஊதி, கண் உள்ளே போய், ஆள் பாதியாகவும் இரண்டு மடங்காகவும் ஒரே நேரத்தில் தெரிந்தார். "வா கித்தேரி, வா. உக்காரு. ஏம்ப்பா இப்படி மெலிஞ்சிட்ட? சக்கரையா? எனக்கும்தான். விரல் ஒண்ண எடுத்துட்டான்." இந்த மனுஷனைப் பார்த்து இரக்கம் வந்துவிடக் கூடாது என்று கித்தேரியான் சுவரைப் பார்த்தார். "மதலேனம்மா போயிட்டால்லா. கேள்விப்பட்டேன். நல்ல பொம்பள." பெயர் அந்த வாயில் வந்ததும் கித்தேரியான் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். இப்போது வரும். இதற்கு அடுத்ததாக வரும். "கித்தேரி, நான் உன்னக் கூப்ட்ட விஷயம் இதுதான். எனக்கு எழுவத்தஞ்சு நெருங்குது, போற காலம். மனசுல எதையும் வச்சிக்கிட்டுப் போகப்படாது பாரு. அந்தப் பழைய கேடயம்..." சாமி தண்ணீர் குடித்தார். டம்ளரை வைக்க இவ்வளவு நேரமா ஒரு மனுஷனுக்கு. "அதுல உன்ன நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்ப்பா. உனக்குத் தெரியணும்ல. புது ஆண்டகை பட்டமேற்பு அன்னைக்கு மேடைக்கு உன்னக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லி, ஒரு சால்வை போடப்போறேன். ரெண்டு பக்கத்து ஜனத்துக்கும் நல்ல அடையாளமா இருக்கும்."

மன்னிச்சிட்டேன். அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிற சொல் என்று கித்தேரியான் யோசித்தார். சாமி ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார் என்றும், இப்போது திருத்திவிடுவார் என்றும் ஒரு கணம் உண்மையிலேயே நம்பினார். சாமி திருத்தவில்லை, பிஸ்கட் தட்டை நகர்த்தினார். "சாமி" என்றார் கித்தேரியான். "அன்னைக்கு அளவு யாரு குடுத்தா?" "என்ன அளவு?" "படகு உசரம்." "அட, அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்? முப்பது வருசம். யாரு சொன்னா என்ன, வரைஞ்சது உன் கைதான?" என் கைதான். கோடும் அந்தக் கைதான். சொல்ல வேண்டியது எவ்வளவோ நாக்குக்கு அடியில் நின்றது, ஸ்கேல், இப்பம் சரி, நாலாப்பு, தெருமுனை, கோடிச் சேலை, எது முதலில் வர வேண்டும் என்று அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாசலை அடைத்தன. அதற்குள் சாமி மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இதப் பாரு. புது ஆண்டகையோடது. நாளைக்கு அச்சுக்குப் போகுது. எப்படி இருக்கு?"

நீலத்தில் நடுவே மஞ்சள் நட்சத்திரம். ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் பனை. "கம்ப்யூட்டர்ல போட்டது. இந்தத் தடவ ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. நானே நின்னு ரெண்டையும் ஒரே உசரத்துல வைக்கச் சொன்னேன்." கித்தேரியான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதே தொட்டில் போல அகன்ற படகு. அதே குச்சிப் பனை. நட்சத்திரத்தின் ஒரு முனை படகின் மூக்கில் இடிக்கப் போகிறது. பட்டமேற்பு அன்றைக்கு எவனாவது ஒருத்தன் மாலையிலிருந்து நூலை அறுப்பான். இந்தத் தடவை கம்பத்துக்குப் பின்னால் நிற்க ஆள் கிடையாது. சும்மா இருந்தால் போதும். மூன்று வார்த்தைகூட வேண்டாம், நல்லாருக்கு சாமி என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனால் போதும், மீதியை ஜனம் பார்த்துக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கண் அந்த அட்டையை விட்டு வரவில்லை. தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்திருப்பது பல்லில் மணல் மாட்டியது போல உறுத்தியது. விரல் தானாகப் போய்ப் படகின் மேல் விழுந்தது. "சாமி, உசரம் ஒண்ணானா கனம் ஒண்ணாகாது. படகக் குறைங்க. இந்தா, இந்த மட்டுக்கு. பனைய மேல தூக்குங்க, இவ்வளவு. நட்சத்திரத்துக்கும் படகுக்கும் நடுவுல கை போற இடம் விடுங்க."

சாமி அட்டையை வாங்கி எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார். ஸ்கேலை எடுக்கவில்லை. பென்சிலை எடுத்து விரல் காட்டிய இடங்களில் குறி வைத்துக்கொண்டார். முகத்தில் நிஜமாகவே ஒரு கனிவு வந்தது. "ஆமா கித்தேரி. நீ சொல்றதுதான் சரி. இப்பம் பாரு, கடற்கரைக்காரன் நீயே பனையத் தூக்கச் சொல்லுத. மனசு மாறிட்டுன்னா கையும் மாறிரும்." எட்டி அவர் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார். "இதத்தான்ப்பா நான் சொல்லுதேன். அன்னைக்கே நீ ஒரு வார்த்த இப்படிச் சொல்லிருந்தா, நமக்கு இந்தக் கஷ்டமெல்லாம் வந்துருக்குமா?"

"சொன்னேன் சாமி" என்றார் கித்தேரியான்.

போன் அடித்தது. சாமி அதை எடுத்துக் காதில் வைத்து, ஆமா ஆண்டகை, ஆமா, வந்துருக்காரு, ரொம்ப சந்தோஷம் அவருக்கு என்று பேசினார். பேசிக்கொண்டே, போய்விட்டு வா என்று கையை அசைத்தார். கன்னியாஸ்திரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் வியாகுலம் பிளாஸ்டிக் கவரோடு எட்டிப் பார்த்தான். கித்தேரியான் எழும்பவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, போன் பேச்சு முடியட்டும் என்று அந்த வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.